பழைய ரோட்டரி ஃபிலிம் ப்ராசஸர்: சூடு நிக்க மாட்டேங்குது, போர்டையே தூக்கிரலாமா?

நெகட்டிவ்பித்தன்:
எல்லாருக்கும் வணக்கம். 90-கள்ல வந்த ரோட்டரி ப்ராசஸர் ஒண்ணு கைக்கு வந்திருக்கு. ட்ரம்முக்குள்ள ரோலை போட்டு மூடிட்டா மிஷினே டெவலப்பர் ப்ளீச் ஃபிக்ஸர் எல்லாம் வரிசையா ஏத்தி வடிச்சு கழுவியும் குடுத்துரும், அந்த வகை. 15 வருஷத்துக்கு மேல யாரும் தொடல. எனக்கு பொறுமை இல்லாம தண்ணிய நிரப்பி ஆன் பண்ணிட்டேன். டிஸ்ப்ளேல பாதி கட்டம் எரியல, மீதியில என்னமோ கிறுக்கல். ட்ரம் ஒரே பக்கமாதான் சுத்துது, திரும்பி சுத்தவே இல்ல. ரொம்ப பயந்தது எதுக்குன்னா, 38 டிகிரி செட் பண்ணிருக்கேன், டிஸ்ப்ளே 31-னு காட்டுது, கண்ணாடி தெர்மாமீட்டர விட்டு பாத்தா 44. ஹீட்டர் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தர் பழைய போர்டை கழட்டி எறிஞ்சிட்டு புது மைக்ரோகன்ட்ரோலர் வெச்சு ஓட்டுங்கறார். எனக்கு மனசு வரல. சி-41 (கலர் நெகட்டிவ் கழுவற முறை) ரோலை இதுலயே கழுவணும், அதான் ஆசை. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

போர்டுவைத்தியர்:
தம்பி, மொதல்ல பிளக்கை புடுங்குங்க. இனிமே ஆன் பண்ணணும்னா ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா ஒடனே கட் பண்ற ஸ்விட்ச்) இருக்கற லைன்லதான், அதுவும் ஹீட்டரோட இன்சுலேஷன மெகர் (இன்சுலேஷன் அளக்கற மீட்டர்) வெச்சு பாத்ததுக்கு அப்புறம்தான். தண்ணியும் மெயின்ஸ் கரண்டும் ஒரே தொட்டியில இருக்கற மிஷின் இது.

மூடிய கழட்டி போர்டுல நீல கலர்லயோ பச்சை கலர்லயோ சின்ன பீப்பா மாதிரி பேட்டரி இருக்கான்னு பாருங்க. செட்டிங்ஸ ஞாபகம் வெச்சுக்க அந்த காலத்துல நிக்கல் காட்மியம் பேட்டரிய போர்டுலயே சால்டர் பண்ணி வெச்சிருப்பாங்க, வருஷக்கணக்கா கெடந்தா அது கசிஞ்சு சுத்தி இருக்கற தாமிர ட்ராக்க தின்னுரும். உங்க டிஸ்ப்ளே கிறுக்கலும் ட்ரம் திரும்பாததும் பெரும்பாலும் இந்த ஒரே எடத்துலேர்ந்து வர்ற வெனையா இருக்கும். பேட்டரிய வெட்டி எடுத்துட்டு, கசிஞ்ச எடத்துல வினிகர தண்ணி கலந்து பஞ்சுல தொட்டு தொடைங்க, கசிஞ்சது காரம்ங்கறதால வினிகர் அத அடக்கிரும். அப்புறம் நல்ல தண்ணி, அப்புறம் ஐசோப்ரொபைல் ஆல்கஹால், நல்லா காயட்டும். அதுக்கப்புறம் ஒவ்வொரு ட்ராக்கா மீட்டர்ல பீப் வருதான்னு பாத்து, அறுந்தத மெல்லிசு வயர் போட்டு ஒட்டுங்க.

அதுக்கும் முன்னாடி ஒரு வேலை இருக்கு. மிஷினோட ப்ரோக்ராம் இருக்கற இபிராம் சிப்ப கழட்டி அதுல இருக்கறத கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துருங்க. நடுவுல கண்ணாடி ஜன்னல் வெச்ச சிப், மேல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஸ்டிக்கர் உரிஞ்சிருந்தா ஒடனே கருப்பு டேப் ஒட்டுங்க, வெளிச்சம் பட்டு பட்டு உள்ள இருக்கற ப்ரோக்ராம் அழியற ஜாதி அது. மூணு தடவ படிச்சு மூணும் ஒண்ணா இருக்கான்னு ஒப்பிடுங்க. இந்த ப்ரோக்ராம் போச்சுன்னா நல்ல போர்டு இருந்தும் மிஷின் வெறும் தொட்டிதான்.

சூடு விஷயத்துல டிஸ்ப்ளே 31, நெசம் 44-ன்னு நீங்க எழுதினது ரொம்ப உபயோகமான தகவல். ஹீட்டர ஆன் ஆஃப் பண்ற ட்ரையாக் ஷார்ட் ஆகிருந்தா டிஸ்ப்ளேயும் 44-ன்னுதான் காட்டிருக்கும். இங்க போர்டுக்கே தண்ணி சூடானது தெரியல. அதனால சென்சர், வயர், கனெக்டர், இந்த மூணத்தான் நான் மொதல்ல சந்தேகப்படுவேன். ஹீட்டர் பக்கத்துல இருக்கற தெர்மல் ஃப்யூஸ (சூடு எல்லை மீறினா கரண்ட வெட்டறது) மட்டும் யாரு சொன்னாலும் பைபாஸ் பண்ணாதீங்க.

கன்ட்ரோலர்கிறுக்கன்:
நான் போர்ட தூக்குனவன். இபிராம் செத்துப்போன ஒரு மிஷின், வேற வழி இல்ல. மோட்டார், பம்ப், வால்வு, ஹீட்டர் எல்லாம் அப்படியே வெச்சுக்கிட்டு மூளைய மட்டும் மாத்தினேன், நல்லாவே ஓடுது. ஆனா நெனைக்கற மாதிரி ஒரு வார வேலை இல்ல ப்ரோ. டிஎஸ்18பி20-ன்னு ஒரு டெம்பரேச்சர் சென்சர் போட்டு ஆரம்பிச்சேன், அதுக்கு அதோட டேட்டாஷீட்லயே ப்ளஸ் மைனஸ் 0.5 டிகிரின்னு போட்டிருக்கு. சி-41 டெவலப்பருக்கு வேண்டியது 37.8 டிகிரி, ப்ளஸ் மைனஸ் 0.15-க்குள்ள. நல்ல தெர்மாமீட்டர பக்கத்துல வெச்சு திருத்தம் போட்டப்புறம்தான் ரெண்டு ரோலுக்கு நடுவுல கலர் மாறாம வந்துச்சு. உங்க சிப் உயிரோட இருந்தா போர்ட காப்பாத்துங்க, அதத்தான் நானும் சொல்லுவேன்.

கெமிக்கல்கை:
ரெண்டு பேரும் கரண்ட பத்தியே பேசுறீங்க. நான் லேப்ல நின்னவன், இந்த மிஷின் ரோல கெடுக்கறது பாதி நேரம் குழாயிலதான். உள்ள காஞ்சுபோன ஃபிக்ஸர் உப்பு வால்வுக்குள்ள கல்லா ஒறஞ்சிருக்கும், அத குச்சி விட்டு சொரண்டாதீங்க, வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ராத்திரி ஊறட்டும், தானா கரையும். ட்யூப் எல்லாம் மாத்துங்க, ஆனா உள் விட்டம் அதே அளவா இருக்கணும், சின்னதா போட்டா டெவலப்பர் ஏற எடுத்துக்கற நேரம் மாறிரும். மொத்தமே 3 நிமிஷம் 15 செகண்ட், அதுல 10 செகண்ட் போனா நெகட்டிவ்ல தெரியும். ஓ-ரிங் எல்லாம் இபிடிஎம் ரப்பரா இருந்தா பெட்ரோலியம் க்ரீஸ் தடவாதீங்க, ஊதிப்போயிரும், சிலிக்கான் க்ரீஸ் மட்டும்.

ப்ளீச்சோ ஃபிக்ஸரோ கொஞ்சம் டெவலப்பர் பக்கம் திரும்பி வந்தாலும் போச்சு. அதனால கெமிக்கல் ஊத்தறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில முழு சுத்து ஓட்டி, ஒவ்வொரு பாட்டில்லயும் 500 மில்லி அளந்து ஊத்தி, வடியறப்போ எவ்ளோ வருதுன்னு அளந்து எழுதி வைங்க. எங்க கொறையுதோ அங்க தேங்குதுன்னு அர்த்தம். ட்ரம் ஒரே பக்கமா சுத்தற வரைக்கும் ரோல் போடவே போடாதீங்க, தண்ணி ஒரே தடத்துல ஓடி படத்துல கோடு கோடா விழும்.

நெகட்டிவ்பித்தன்:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். போர்டுவைத்தியர் அண்ணே, நீங்க சொன்னது அப்படியே. பேட்டரிய சுத்தி பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்துச்சு, நாலு ட்ராக் அறுந்திருந்துச்சு, அதுல ஒண்ணு ட்ரம்ம திருப்பற ரிலேக்கு போறது. ஒட்டினதும் டிக்னு ஒரு சத்தம், ட்ரம் நின்னு மறுபக்கம் சுத்த ஆரம்பிச்சுது, அந்த ராத்திரி அரை மணி நேரம் வெறும் ட்ரம்மையே பாத்துட்டு ஒக்காந்திருந்தேன்.

சென்சர தனியா கழட்டி 38 டிகிரி தண்ணியில விட்டு அளந்தா 5.8 கிலோ ஓம். 25 டிகிரியில 10 கிலோ ஓம் காட்டற என்டிசி (சூடு ஏற ஏற ஓம் கொறையற சென்சர்), அதனால அது சரிதான். அதே சென்சர சொருகிட்டு போர்டு பக்கத்துலேர்ந்து அளந்தா 8.9. நடுவுல இருக்கற கனெக்டர் பின்னு ரெண்டும் பச்சையா அரிச்சுப்போய் 3 கிலோ ஓம் அங்கயே ஒக்காந்திருக்கு. மிஷினுக்கு தண்ணி ஜில்லுன்னு இருக்கற மாதிரி தோணி சூடு ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. கனெக்டர மாத்தினேன், இப்போ 38-ல நிக்குது. இபிராம் காப்பியும் மூணு தடவையும் ஒண்ணா வந்துச்சு.

கெமிக்கல்கை சார், தண்ணி கணக்கு: டெவலப்பர் லைன் 500-க்கு 495, ப்ளீச் 490, ஃபிக்ஸர் மட்டும் 455. 45 மில்லி எங்கயோ நிக்குது.

கெமிக்கல்கை:
ஃபிக்ஸர் வால்வுல உப்பு இன்னும் முழுசா கரையல. கழட்டி இன்னொரு ராத்திரி ஊற வைங்க, 490 தாண்டினதும் கெமிக்கல் ஊத்துங்க. மொத ஓட்டத்துக்கு படம் எடுத்த ரோல் வேணாம். புது ரோல்லேர்ந்து கொஞ்சம் வெட்டி, பாதிய வெளிச்சத்துல காட்டி பாதிய மறைச்சு போடுங்க. காட்டின பக்கம் ஒரே சீரா கருத்து, மறைச்ச பக்கம் சுத்தமா ஆரஞ்சா வந்தா போட்டோ எடுத்து இங்க போடுங்க, பாப்போம்.