அடுக்களை ஜன்னலை அடைக்கலாமா? (செங்கோட்டை, மேற்குச் சுவர்)

செங்கோட்டைவாசி:
அடுக்களையைப் புதுசா மாத்துறோம். உள்ளளவு தெக்கு-வடக்கு 10 அடி, கிழக்கு-மேற்கு 8 அடி. வடக்கே அடுத்த வீட்டுச் சுவர். தெக்குச் சுவர் நடுவுல புறவாசல். கிழக்குச் சுவரோட வடக்கு ஓரத்துல வீட்டுக்குள்ள போற வழி. மேற்குச் சுவர் நடுவுல 4க்கு 4 அடி ஜன்னல், இருக்கிறது அது ஒண்ணுதான். அதோட அடிமட்டம் தரையில இருந்து 30 அங்குலம். சாரல் பட்டுப் பட்டு மரச்சட்டம் கீழே உளுத்துப்போச்சு. புது மேடை 34 அங்குலம் வரணும். அலமாரி போடுறவர் ஜன்னலை அடைச்சிட்டு மேற்குச் சுவர் முழுக்க மேடை, நடுவுல அடுப்பும் சிம்னியும், ரெண்டு பக்கமும் தொங்கல் அலமாரின்னு சொல்றார். அம்மாவுக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?

புளியரை கட்டுவேலை:
அடைக்கிறதா இருந்தா அளவு சொல்லுதேன். 9 அங்குலச் சுவர்ல 4க்கு 4ன்னா 12 கன அடி. உடைசலோட 180 செங்கல், ரெண்டு பக்கப் பூச்சையும் சேர்த்து ஒரு மூட்டை சிமெண்ட் போதும். செலவு பெருசில்லை, விரிசல்தான் பெருசு. பழைய சுவரோட புதுக் கட்டு பிடிக்கணும்னா ஓரத்துல ஒரு வரி விட்டு ஒரு வரி பழைய கல்லைக் கொத்தி எடுத்து, பல் மாதிரி கோர்த்துக் கட்டணும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் தாங்குற லிண்டலுக்கு அடியில வர்ற கடைசி வரியை அன்னிக்கே அடைக்கக் கூடாது. கலவை இறுகும்போது கட்டு கீழே உக்காரும், மேலே கோடு விழும். ரெண்டு நாள் கழிச்சு கெட்டிக் கலவையை இறுக்கித் திணிக்கணும். மூட்டு மேல 8 அங்குல அகலத்துல கோழிவலை அடிச்சுப் பூசி, 7 நாள் தண்ணி விடணும். இதுல எதை விட்டாலும் ஆனி, ஆடி சாரல் அந்தக் கோட்டு வழியா நேரா அலமாரிக்குப் பின்னால இறங்கும். பிளைவுட் ஊதுற வரைக்கும் வெளியே தெரியாது.

மேக்கரை:
அடைக்காதீங்க அண்ணாச்சி. இருக்கிற ஒரே ஜன்னல் அது. அடுக்களைக்கு வெளிக்காத்துக்குத் திறக்கிற ஜன்னல் குறைஞ்சது 1 சதுர மீட்டர் வேணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பே சொல்லுது. சிம்னி இருக்கேன்னு நினைக்க வேண்டாம். அது வெளியே தள்ளுற காத்துக்கு ஈடா உள்ளே காத்து வரணும். எல்லாத்தையும் மூடிட்டா மோட்டார் சத்தம்தான் இருக்கும், தாளிக்கிற புகை அங்கேயே நிக்கும்.

அந்தத் திட்டத்துல இன்னொரு தப்பு: சிம்னிக் குழாய் மேற்குச் சுவர் வழியா வெளியே போகும். மேற்கே மலையில இருக்கிற ஆரியங்காவுக் கணவாய்க் காத்து நேரா அதுக்குள்ள அடிச்சுப் புகையைத் திருப்பி அனுப்பும். மேற்குச் சுவர்ல எக்ஸாஸ்ட் ஃபேன் வச்சாலும் இதே கதிதான்.

அடுப்பைக் கிழக்குச் சுவருக்கு மாத்துங்க. கிழக்கே பார்த்துச் சமைக்கிறதும் அமைஞ்சிடும். ரெண்டு பக்கமும் 2 அடி மேடை போட்டா நடுவுல 4 அடி நடை கிடைக்கும், புறவாசலுக்கும் இடைஞ்சல் இல்லை. ஜன்னலுக்கு அடியில சிங்க். ஃபிரிட்ஜ் வடக்குச் சுவருக்கு. குழாயைத் தெக்குச் சுவர் வழியா விடுங்க, ஒரே வளைவுல முடிஞ்சிடும். வெளி முனையில மூடி வேணும்.

இடம் போயிரும்னுதானே அவர் அடைக்கச் சொல்றார்? எண்ணிப் பாருங்க. அவர் கணக்குல 10 அடியில சிம்னிக்கு 2 அடி போனா அலமாரி 8 அடி. இந்த முறையில ஜன்னலுக்கு ரெண்டு பக்கமும் 3+3, கிழக்குச் சுவர்ல வழி போக 7 அடி, அதுல சிம்னி 2 போனா 5. மொத்தம் 11 அடி.

கேஸ் காத்தை விடக் கனம், கசிஞ்சா தரையில தேங்கும். ஜன்னல் திறந்திருந்தாலும் அது மேலேறி வெளியே போகாது. அதனால தெக்குச் சுவர்ல, சிலிண்டர் இருக்கிற ஓரமா, தரையை ஒட்டி 6க்கு 6 அங்குல ஓட்டை வச்சு வலை போடுங்க. சிலிண்டர் வைக்கிற அலமாரிக் கதவோட அடியிலயும் துளை வேணும்.

செங்கோட்டைவாசி:
கணக்கு பார்த்துட்டேன், சரியா வருது. ஆனா ஜன்னல் அடிமட்டம் மேடைக்கு 4 அங்குலம் கீழே இருக்கே? ஜன்னல் எதிரே அடுப்பு வந்தா காத்துல அணையாதா?

புளியரை கட்டுவேலை:
சிங்க் தண்ணி தெறிக்கும், அதனால அடிமட்டத்தை 40 அங்குலத்துக்கு ஏத்துங்க. மூணு வரி செங்கல் 9 அங்குலம், கிரானைட்டும் கலவையும் 1 அங்குலம். 35 கல் போதும். கிரானைட்டை வெளிப்பக்கம் அரை அங்குலம் சரிச்சு, சுவரைத் தாண்டி 1 அங்குலம் நீட்டி, நீட்டின பாகத்துக்கு அடியில நீளவாக்குல ஒரு காடி (சின்னப் பள்ளக்கோடு) வெட்டச் சொல்லுங்க. காடி இல்லேன்னா தண்ணி கல்லுக்கு அடியில ஓடிச் சுவர்ல இறங்கும். மரச்சட்டத்தோட கீழ்க்கட்டையை மட்டும் மாத்தி ஒட்டுப்போட வேண்டாம், முழுசா எடுத்திடுங்க.

மிச்ச உயரம் 38 அங்குலம். மேலே 12 அங்குலம் லூவர் கண்ணாடி (சாய்ச்சுத் திறக்கிற கண்ணாடிப் பட்டைகள்), கீழே 26 அங்குலம் யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங். சாரல் அடிக்கிற நாள்ல கீழே மூடிட்டு லூவரை மட்டும் லேசாத் திறந்து வச்சுக்கலாம். உள்ளே திறக்கிற கதவு போட்டா சிங்க் குழாய்ல இடிக்கும். வெளியே திறக்கிறதை மேடையைத் தாண்டி எட்டிச் சாத்தணும், அம்மாவுக்குச் சிரமம். ஸ்லைடிங் சட்டத்தோட வெளிப்பக்கம் தண்ணி வடியத் துளை இருக்கும். பூசும்போது அதைக் கலவையாலயோ சுவர்ப் புட்டியாலயோ அடைச்சிடுவாங்க, பக்கத்துல நின்னு பாருங்க. அடைஞ்சா தண்ணி உள்ளேதான் வழியும்.

மேக்கரை:
அடுப்போட நடுவைத் தெக்குச் சுவர்ல இருந்து இரண்டரை அடியில வைங்க. ஜன்னல் 3 அடியில தொடங்கி 7 அடியில முடியுது. அதோட வடக்குப் பாதியை மட்டும் திறந்தா காத்து அடுப்பு மேல நேரா வராது. தீ அணைஞ்சா தானே கேஸை நிறுத்துற அடுப்பாப் பார்த்து வாங்குங்க. மேலக்காத்து அடிக்கிற மாசத்துல புறவாசலையும் ஜன்னலையும் ஒண்ணாத் திறந்து வச்சிட்டுச் சமைக்க வேண்டாம்.