பெடல் அளவு ஆம்ப் கோயில் மேடைக்குத் தாங்குமா?

முள்ளியவளைக் கிற்றார்:
வைகாசி வந்தால் எங்கள் பக்கத்தில் கோயிலுக்குக் கோயில் இசைநிகழ்ச்சிதான். பழைய கிற்றார் ஆம்ப்பை (சத்தம் கூட்டும் கருவியை) மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்து முதுகு முறிந்ததுதான் மிச்சம். இப்போது எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 44 மேக்னம் என்று, காலால் மிதிக்கும் பெடல் அளவே உள்ள ஆம்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கைக்குள் அடங்கிவிடும், 44 வாற்று என்கிறார்கள். டிரம்ஸும் கீபோர்டும் முழங்கும்போது இது எடுபடுமா?

கிளிநொச்சிப் பழசு:
எடுபடும், தம்பி. ஆம்ப் பைக்குள் வந்துவிடும். 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி எதில் வரும்? அதையும் யோசித்தீரா?

அந்த 44 வாற்று 8 ஓம் (மின்தடை அளவு) பெட்டிக்கு. 16 ஓமிலும் வேலை செய்யும், சத்தம் குறையும். இரண்டு 8 ஓம் பெட்டிகளைச் சமாந்தரமாகக் கொடுத்தால் 4 ஓம் ஆகிவிடும், இந்த ஆம்ப்புக்கு அது ஆகாது; அந்த வேலை வேண்டாம்.

வாற்றைப் பார்த்து மயங்காதீர். அது இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். ஒரு வாற்றுக்கு 97 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கரைக் கழற்றி 100 டெசிபல் ஸ்பீக்கரைப் பூட்டினாலும் அதே பலன். செலெஸ்டியன் வின்டேஜ் 30 அந்த 100 ரகம். இன்னொன்று: வால்யூமை ஏற்ற ஏற்றக் கரகரப்பு வந்துவிடும். மெல்லிசைப் பாட்டுக்குச் சுத்தமான நாதம் வேண்டுமென்றால் முழு 44 வாற்றும் உமக்குக் கிடைக்காது. பாஸ், டிரெபிள் திருகுகளும் இல்லை. முன்னால், நாதத்தைத் திருத்தும் ப்ரீஆம்ப் பெடல் ஒன்று தேவை.

வவுனியா சவுண்ட்காரன்:
பெட்டிக்கு ஸ்பீக்கர் கேபிள் போடுங்கள், கிற்றார் கேபிள் அல்ல. ஸ்பீக்கருக்குப் போகும் வயரை எங்கள் மிக்சரில் (எல்லா ஒலியையும் கலக்கும் கருவியில்) குத்தவே கூடாது. பெட்டிக்கு முன் ஒரு மைக் வைத்துவிடுவோம். அடாப்டர் 24 வோல்ட். 9 வோல்ட் பெடலுக்கு மாறிப் போனால் பெடலின் கதை முடிந்தது. மேடை இருட்டில் எல்லா அடாப்டரும் கறுப்புத்தான். சிவப்பு டேப் சுற்றிவையுங்கள்.

முள்ளியவளைக் கிற்றார்:
நன்றி அண்ணாமார். பெட்டியே இல்லாமல் நேரே மிக்சருக்குக் கொடுக்க வழியில்லையா?

கிளிநொச்சிப் பழசு:
அப்படியென்றால் இந்த ஆம்ப்புக்குக் காசைக் கொட்டாமல், கபினெட் சிமுலேஷன் (ஸ்பீக்கர் பெட்டியின் நாதத்தைப் போலச் செய்வது) உள்ள பெடல் ஒன்றை வாங்கும். ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கீச்சொலியைக் கிற்றார் ஸ்பீக்கர் அடக்கிவிடும், மிக்சர் அடக்காது. சிமுலேஷன் இல்லாமல், கரகரப்புத் தரும் டிஸ்டோர்ஷன் பெடலை மிதித்தீர் என்றால் குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி இரையும்.

பெட்டி இல்லாவிட்டால், மேடையில் இருப்பவர்களுக்காக வைக்கும் மொனிட்டர் ஸ்பீக்கரில்தான் உமது வாசிப்பு உமக்குக் கேட்கும். அது எப்போதும் பாடகர் பக்கம்தான் திரும்பியிருக்கும். சவுண்ட்காரரிடம் முற்கூட்டியே ஒன்றைக் கேட்டு வாங்கிவிடும்.

வவுனியா சவுண்ட்காரன்:
மாலை ஐந்து மணிக்கு முன் வந்து கேட்டால் தருவோம்.