அமெரிக்கன் ஃபுட்பால் ஆல்பம்: கிட்டார் சுருதியில் ஓர் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அமெரிக்கன் ஃபுட்பால் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் முதல் ஆல்பம் 1999-இல் வந்தது. நான் கேட்டது பல வருடம் கழித்து, கல்லூரி விடுதியில். அட்டைப்படத்தில் இல்லினாய் மாநிலத்தின் அர்பானா ஊரிலுள்ள ஒரு வீடு, இரவு நேரம், மாடி ஜன்னலில் வெளிச்சம். அந்த ஊரை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்த்தால், காலி செய்துவிட்டு வந்த எங்கள் வீட்டைப் பார்ப்பது போல நெஞ்சு கனக்கிறது. பிரிவைப் பாடுகிறார்கள், ஆனால் கத்தி அழுவதில்லை. குழுவின் ஸ்டீவ் லாமோஸ் வாசிக்கும் டிரம்பெட் வரும்போது இன்றும் தொண்டை அடைக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாடலான ‘நெவர் மென்ட்’ வாசிக்கப் பழகுகிறேன். தடித்த கம்பியிலிருந்து எஃப், ஏ, சி, ஜி, சி, இ என்று சுருதி வைக்க வேண்டும். அதாவது வழக்கமான சுருதியிலிருந்து ஆறாவது, இரண்டாவது கம்பிகளை அரைச் சுரம் ஏற்றி, நான்காவதை ஒரு சுரம் இறக்க வேண்டும். என்னுடையது அக்கூஸ்டிக் கிட்டார். ஏற்றும்போது இரண்டாவது கம்பி இருமுறை அறுந்துவிட்டது. இறக்கிய நான்காவது கம்பி ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள உலோகக் கோட்டில்) உரசி இரைகிறது. இந்தச் சுருதியில் வாசிப்பவர்கள் என்ன தடிமன் கம்பி போடுகிறீர்கள்? அப்புறம், எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாமல் அந்த மணி போன்ற ஒலி கிடைக்குமா?