விண்மீன் காற்றுக் குமிழிகள்: எக்ஸ் கதிர் வெப்பநிலை ஏன் குறைகிறது?

ஹட்டன் ஆசிரியர்:
உயர்தரப் பௌதிகவியல் மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. பாரிய விண்மீனின் காற்று, அதாவது அதிலிருந்து வெளியே பாயும் வாயு, செக்கனுக்கு 2000 கிலோமீற்றர் வேகத்தில் வந்து அதிர்ச்சி அலையில் தடைப்பட்டால், அந்த வாயு சுமார் 5 கோடி கெல்வினை எட்ட வேண்டும். ஆயினும் இத்தகைய காற்று ஊதிய குமிழியான, பிறை நெபுலா எனப்படும் என்ஜிசி 6888 இல் பெரும்பங்கு எக்ஸ் கதிரைத் தருவது 10 முதல் 20 இலட்சம் கெல்வின் வாயுவே. ஏன்?

பண்டாரவளை வாசகர்:
வணக்கம் ஐயா. 5 கோடி கெல்வின் வாயு இருக்கிறது. ஆனால் மிக ஐதாக இருக்கிறது. கதிர்வீச்சு அடர்த்தியின் வர்க்கத்துக்கேற்பக் கூடுவதால், குமிழியின் நடுப்பகுதி மங்கலாகவே தெரியும். விளிம்பிலோ, சூடான வாயுவின் இலத்திரன்கள் குமிழியைச் சூழ்ந்த குளிர்ந்த வாயு ஓட்டுக்குள் வெப்பத்தைக் கடத்த, ஓட்டின் வாயு ஆவியாகி உள்ளே கலக்கிறது. இவ்வாறு வெப்பநிலை தணிந்து அடர்த்தி மிகுந்த அந்த மெல்லிய படையே நமக்கு ஒளிர்கிறது. 1977 இல் வீவரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த மாதிரி இதுதான்.

நுவரெலியா வாசகி:
ஒரு திருத்தம். அந்த மாதிரி எதிர்வுகூறும் ஒளிர்வு, அவதானித்ததைவிடப் பல குமிழிகளில் மிக அதிகம். காந்தப் புலம் வெப்பக் கடத்தலைத் தடுக்கலாம். ஓட்டின் துளைகளால் சூடான வாயு கசியலாம். கொந்தளிப்பான கலப்பும் ஆற்றலை விரைவில் கரைக்கலாம். கலப்புக்கே என் வாக்கு.

ஹட்டன் ஆசிரியர்:
நன்றி. இங்கே மூடுபனி விலகினாலும் பயனில்லை. எக்ஸ் கதிரை வளிமண்டலமே உறிஞ்சிவிடுவதால் சந்திரா போன்ற செய்மதிகளையே நம்ப வேண்டியுள்ளது. கசிவைப் பற்றி அந்த மாணவி நிச்சயம் மேலும் கேட்பாள்.