மெயின்ஃபிரேம் மடல்கள் அலுவலக அஞ்சலில் சிதைந்து வருகின்றன, பதில்கள் திரும்பி வருவதில்லை: உதவி தேவை

தொகுதிவேலை (கேள்வி):

வணக்கம். எங்கள் மெயின்ஃபிரேமில் (பெரிய மையக் கணினியில்) இரவில் ஓடும் பேட்ச் ஜாப்கள் (ஆள் தலையீடின்றித் தொகுதியாக ஓடும் வேலைகள்), தம் முடிவு அறிக்கைகளை மின்னஞ்சலாக அலுவலக அஞ்சல் சர்வருக்கு அனுப்புகின்றன. டிஎஸ்ஓ (முனையத்திலிருந்து மெயின்ஃபிரேமை நேரடியாகப் பயன்படுத்தும் வசதி) பயனர்கள் சிலரும் இதே வழியில் மடல் அனுப்பி, அலுவலகத்தார் எழுதும் பதில்களை ரிசீவ் கட்டளையில் படித்து வந்தார்கள். அண்மையில் மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸின் பதிப்பை உயர்த்தினோம். புதிய பதிப்பில் பழைய அஞ்சல் சர்வரான எஸ்எம்டிபிடி இல்லாததால் சிஎஸ்எஸ்எம்டிபி என்னும் அஞ்சல் நிரலுக்கு மாறினோம். ஜாப்களைத் திருத்த வேண்டாம் என்பதற்காக எழுத்தர் பெயரை (ஸ்பூலில், அதாவது வெளியீடு காத்திருக்கும் வரிசையில், எந்த நிரல் கோப்பை எடுக்க வேண்டும் என்று காட்டும் பெயரை) பழையபடி எஸ்எம்டிபி என்றே வைத்திருக்கிறோம்.

மாற்றத்துக்குப் பின் அலுவலகத்துக்குள் போகும் மடல்கள் போய்ச் சேர்கின்றன. வெளி டொமைன் முகவரிகளுக்குப் போக வேண்டியவை 550 5.7.1 என்ற எண்ணுடன் மறுக்கப்படுகின்றன. பொருள் வரியில் நாங்கள் இடும் சதுர அடைப்புக்குறிகள் தலையில் சாய்கோடு தாங்கிய ஒய் எழுத்தாகவும் (Ý) பக்கம் பக்கமாக நிற்கும் இரட்டைப் புள்ளியாகவும் (¨) மாறி நிற்கின்றன. சில அறிக்கைகளில் ஒவ்வொரு வரியின் வலக்கோடியிலும் எட்டு இலக்க எண் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, வேறு சில பாதியில் அறுந்து வருகின்றன. அலுவலகத்தார் 'பதிலளி' பொத்தானை அழுத்தி எழுதும் எதுவும் மெயின்ஃபிரேம் பயனர்களை எட்டுவதே இல்லை.

ஸ்பூல் காலியாகிவிட்டது, ஆகவே மடல் போய்விட்டது என்கிறார்கள் சிஸ்டம் புரோகிராமர்கள். தாங்கள் எதையும் மாற்றவில்லை என்கிறது அஞ்சல் குழு. எந்தப் பக்கத்தில் தேடத் தொடங்குவது?

ஸ்பூல்வாசி:

இவற்றை ஒரே கோளாறாக எடுத்துக்கொண்டால் இரு குழுக்களும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டே இருப்பார்கள். ஜாப் எழுதியது ஜெஸ் (ஜாப்களையும் அவற்றின் வெளியீட்டையும் வரிசைப்படுத்தும் நிரல்) ஸ்பூலுக்குப் போகிறது. அங்கிருந்து சிஎஸ்எஸ்எம்டிபி எடுத்து, மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கை மற்றக் கணினிகளின் ஆஸ்கியாக மாற்றி, அலுவலக அஞ்சல் சர்வரிடம் கொடுக்கிறது. அந்தச் சர்வர் பெட்டியில் போடுகிறது அல்லது வெளியே அனுப்புகிறது. ஒவ்வொரு குறையும் இந்தப் பாதையில் எந்தக் கணுவில் பிறக்கிறது என்பதை முதலில் பிரித்துவிடுங்கள். ஸ்பூல் காலியாவது சிஎஸ்எஸ்எம்டிபி கோப்பை எடுத்துக்கொண்டது என்பதற்கு மட்டுமே சான்று. மடலின் கதி அதன் லாகிலும் (செயல் பதிவேட்டிலும்) எஸ்எம்எஃப் என்னும் அமைப்புப் பதிவேட்டின் 119 வகைப் பதிவுகளிலும் இருக்கும்.

வலக்கோடி எண்களும் அறுபடும் அறிக்கைகளும் ஜாப்பிலேயே பிறப்பவை, அஞ்சல் குழுவுக்கு அவற்றில் பங்கில்லை. எண்களைப் பார்ப்போம். மெயின்ஃபிரேமின் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் 'நம் ஆன்' (வரிசை எண் இடும்) நிலையில் சேமித்த, வரிக்கு 80 பைட் கொண்ட உறுப்புகளில் (கோப்புகளில்), 73 முதல் 80 வரையுள்ள நெடுவரிசைகளில் வரிசை எண் உட்கார்ந்திருக்கும். ஜாப்பை விவரிக்கும் ஜேசிஎல் வாக்கியங்களில் அந்தப் பகுதியை அமைப்பு கண்டுகொள்ளாது. ஆகவே ஆண்டுக்கணக்கில் அவை இருப்பதே நமக்குத் தெரியாமல் போகிறது. அதே உறுப்பை மடலின் உடலாக ஐஈபிஜெனர் என்னும் நகலெடுக்கும் நிரலுக்குக் கொடுத்தால் அது 80 பைட்டையும் அப்படியே நகலெடுக்கும். எடிட்டரில் 'அன்நம்' (எண்களை நீக்கு) என்று அடித்துச் சேமியுங்கள், எண்கள் போய்விடும்.

அறுபடும் அறிக்கைகளுக்கு ஒரு கேள்வி: அவை அறுபடும் இடத்தில், மூல டேட்டாசெட்டில் (மெயின்ஃபிரேம் கோப்பில்) முதல் நெடுவரிசையில் தனியே ஒரு புள்ளி மட்டும் உள்ள வரி இருக்கிறதா? டேட்டா கட்டளைக்குப் பிறகு வரும் தனிப்புள்ளி வரி, மடல் முடிந்தது என்பதற்கு, அஞ்சல் கடத்தும் நெறிமுறையான எஸ்எம்டிபி வைத்திருக்கும் அடையாளம். 1982 ஆகஸ்டில் வந்த ஆர்எஃப்சி 821 என்னும் அதன் விதி ஆவணம் தொட்டு இன்று வரை அந்த விதி மாறவில்லை. அறிக்கையின் நடுவே அப்படி ஒரு வரி வந்தால் மடல் அங்கேயே முடிந்துவிடும். எஞ்சிய அறிக்கை வரிகளைச் சிஎஸ்எஸ்எம்டிபி கட்டளைகளாகப் படிக்க முயன்று பிழை காட்டும். விதிப்படி, புள்ளியில் தொடங்கும் வரிக்கு முன்னால் இன்னொரு புள்ளி சேர்க்க வேண்டும், பெறும் பக்கம் அதை நீக்கிக்கொள்ளும். என் கட்சி என்னவென்றால், அறிக்கை உடலை முழுவதுமாக ஒரு நெடுவரிசை வலப்பக்கம் தள்ளிவிடுவது இதைவிட எளிது. முதல் இடம் எப்போதும் வெற்றாக இருந்தால் எந்தப் புள்ளியும் மடலை முடிக்காது.

அஞ்சல்மேசை:

நான் அலுவலக அஞ்சல் சர்வர்ப் பக்கத்தில் வேலை செய்பவன். 550 பற்றி மட்டும் சொல்கிறேன். உள் முகவரிகளுக்குப் போவதும் வெளி முகவரிகளுக்கு மறுக்கப்படுவதும் ஒன்றாகத் தெரிந்தால், அது பெரும்பாலும் ரிலே அனுமதிச் சிக்கல்தான். தன் டொமைனுக்கு வரும் மடலை எங்கிருந்து வந்தாலும் சர்வர் ஏற்கும். பிறர் டொமைனுக்குக் கடத்திவிடும்படி கேட்டால், கேட்பவர் அனுமதிப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கும். மெயின்ஃபிரேம் போன்ற, கடவுச்சொல் இல்லாமல் இணையும் இயந்திரங்களுக்கு இந்த அனுமதியை வழக்கமாக ஐபி முகவரியை வைத்தே கொடுப்போம். 'எதையும் மாற்றவில்லை' என்று உங்கள் அஞ்சல் குழு சொல்வது உண்மையாகவே இருக்கலாம். சர்வரின் இணைப்பு லாகில், மறுக்கப்பட்ட மடல் எந்த ஐபியிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு, அதை அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஐந்தில் தொடங்கும் எண்கள் நிரந்தர மறுப்பு என்பதால் சிஎஸ்எஸ்எம்டிபி அவற்றை மறுபடி முயலாது, ஆகவே காத்திருப்பதில் பயனில்லை.

தொகுதிவேலை:

இருவருக்கும் நன்றி. தனிப்புள்ளி வரி பற்றிய ஊகம் சரிதான்: அறுபடும் அறிக்கைகள் எல்லாமே கோபால் (COBOL) நிரல்மொழியில் எழுதிய ஒரே புரோகிராமிலிருந்து வருபவை, ஒவ்வொரு பிரிவின் முடிவிலும் அது ஒரு புள்ளியை மட்டும் அச்சிடுகிறது. அன்நம் செய்ததும் எண்களும் மறைந்தன.

ஐபி முகவரியைப் பார்த்ததில் வியப்பான ஒன்று தெரிந்தது. பட்டியலில் இருப்பது எங்கள் எல்பாரின் (மெயின்ஃபிரேமில் தனிக் கணினிபோல் இயங்கும் எங்கள் பகுதியின்) வைபா முகவரி, அதாவது எந்த அடாப்டருக்கும் கட்டுப்படாத மெய்நிகர் ஐபி. லாகில் பதிவாகியிருப்பதோ நெட்வொர்க் அடாப்டரின் சொந்த முகவரி. நெட்வொர்க் கட்டமைப்புக் கோப்பான டிசிபிஐபி புரொஃபைலை யாரும் தொடவில்லை என்று உறுதியாகச் சொல்கிறார்கள். பிறகு எப்படி மாறியது?

வைபாக்காரர்:

புரொஃபைலைத் தொடாததே காரணமாக இருக்கலாம். அதில் எஸ்ஆர்சிஐபி தொகுதி ஒன்று இருக்கிறதா, அதற்குள் ஜாப்நேம் என்று தொடங்கும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். 'இந்தப் பெயருள்ள ஜாப் வெளியே இணைப்பு ஏற்படுத்தினால் இந்த முகவரியை மூல முகவரியாகப் பயன்படுத்து' என்பதே அந்த வரியின் பொருள். பழைய சர்வர் எஸ்எம்டிபி என்ற ஜாப் பெயரில் ஓடியிருக்கும். நீங்கள் எழுத்தர் பெயரைத்தான் பழையபடி வைத்தீர்கள். சர்வராக ஓடும் ஸ்டார்ட்டட் டாஸ்கின் பெயர், அதாவது ஜாப் பெயர், சிஎஸ்எஸ்எம்டிபி ஆகிவிட்டது. எழுத்தர் பெயர் ஜெஸ்ஸுக்கு உரியது, ஜாப் பெயர் டிசிபிஐபிக்கு உரியது, ஒன்றை மற்றொன்று அறியாது. புதிய பெயருக்கு ஒரு வரி சேர்த்து, ஓபேஃபைல் கட்டளையால் நடைமுறைக்குக் கொண்டுவந்தால் போதும், எதையும் நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. அடாப்டரின் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லும் ஆசை வரும், வேண்டாம். அடுத்த முறை பாதை மாறும்போது அந்த முகவரியும் மாறும்.

ஸ்பூல்வாசி:

அடைப்புக்குறிகளை மறந்துவிட்டோம். சதுர அடைப்புகள் எப்சிடிக்கின் பழைய தலைவலி. அதன் எழுத்து அட்டவணைகளில் (கோடு பேஜ்) ஒன்றான 037இல் இடது அடைப்பின் பதினறும மதிப்பு பிஏ, வலது அடைப்பு பிபி. 1047இல் அவை முறையே ஏடி, பிடி. 037இல் எழுதிய பிஏவை 1047 என்று எண்ணிப் படித்தால் கிடைப்பது நீங்கள் சொல்லும் அந்தச் சாய்கோட்டு ஒய்தான், பிபி இரட்டைப் புள்ளியாகிறது. உங்கள் டெர்மினல் எமுலேட்டர் 037இல் இருக்கிறது. சிஎஸ்எஸ்எம்டிபி கட்டமைப்பில் டிரான்ஸ்லேட் வரி இல்லையென்றால் அது 1047ஐ எடுத்துக்கொள்ளும். பழைய சர்வர் வேறொரு மாற்ற அட்டவணையைப் பயன்படுத்தியதால் இது இவ்வளவு நாள் தெரியவில்லை.

டிரான்ஸ்லேட்டை 037 என்று மாற்றிவிடலாம். ஆனால் மெயின்ஃபிரேமின் யூனிக்ஸ் பகுதியான யூனிக்ஸ் சிஸ்டம் சர்வீசஸிலிருந்து யாராவது மடல் அனுப்பினால் அவர்களுடையது 1047 ஆகவே இருக்கும், அப்போது அவர்களின் அடைப்புகள் கெடும். இரண்டு கூட்டமும் உங்களிடம் இருந்தால், வேறு எழுத்தர் பெயருடன் இரண்டாவது சிஎஸ்எஸ்எம்டிபி ஒன்றை ஓட்டுவது தூய்மையான வழி. முகவரியில் வரும் அட் (@) குறி இரண்டு பேஜ்களிலும் ஒரே இடத்தில், 7சியில், இருப்பதால் முகவரிகள் தப்பித்தன. ஜெர்மானியருக்கான 273இல் அதுவும் இடம் மாறி பி5இல் உட்கார்ந்திருக்கும். அங்கே ஒரு மடல்கூடப் போயிருக்காது.

பழையமுனையம்:

பதில்கள் வராததற்குக் காரணம் எளிது: சிஎஸ்எஸ்எம்டிபி அனுப்ப மட்டுமே செய்யும், பெற்றுக்கொள்ளாது. பழைய எஸ்எம்டிபிடி இரு திசையிலும் வேலை செய்தது. உள்ளே வந்த மடலை டிஎஸ்ஓ பயனரின் பெயருக்கு ஸ்பூலில் போட்டது, மெயின்ஃபிரேம்களை இணைக்கும் என்ஜேஈ வழியாக அடுத்த கணுவுக்கும் கடத்தியது. அந்த வாசல் இப்போது இல்லை. கட்டமைப்பில் எந்த வரியைத் திருத்தினாலும் திறக்காது.

இந்தத் துறையில் இரு திசைப் போக்குவரத்து எப்போதுமே நுழைவாயில் ஒன்றைக் கேட்டிருக்கிறது. விஎம் இயங்குதளத்தில் 1981இல் வந்த புரொஃப்ஸ் என்னும் அலுவலக அஞ்சல் காலத்திலும், பிறகு ஆஃபிஸ்விஷன் காலத்திலும், பயனர் பெயருக்கு எட்டு எழுத்து, கணுப் பெயருக்கு எட்டு எழுத்து என்பதுதான் முகவரி. ஐபிஎம்மின் மடல் விநியோக முறையான ஸ்னாட்ஸிலும் இரு பகுதிகள், தலைக்கு எட்டு. லேன் (அலுவலக உள்வலை) பக்கத்தில் இருந்த அலுவலக அஞ்சலில் முழுப்பெயர்கள். சாஃப்ட்-சுவிட்ச் போன்ற நுழைவாயில்கள் நடுவில் உட்கார்ந்து, ஒரு பக்கத்துப் பெயரை மறுபக்கத்துப் பெயராக மாற்றும் அட்டவணையை வைத்திருந்தன. மடல் கடத்துவதை விட அந்த அட்டவணையைச் சரியாக வைத்திருப்பதுதான் பெரிய வேலை. ஆள் மாறினால், துறை மாறினால் இரு பக்கமும் திருத்த வேண்டும். உங்கள் அமைப்பிலும் டிஎஸ்ஓ பெயருக்கும் அலுவலக முகவரிக்கும் இடையே அப்படி ஓர் அட்டவணை எங்காவது தேவைப்படும். மெயின்ஃபிரேமின் பாதுகாப்பு நிரலான ராக்எஃபின் பயனர் பதிவிலேயே மின்னஞ்சல் முகவரியை வைக்க இடம் இருக்கிறது. தனிக் கோப்பு வைப்பதை விட அது மேல்.

நெடுவழி:

பதில்களை உள்ளே கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. லினக்ஸ் இயந்திரம் ஒன்றில் ஸ்கிரிப்ட் எழுதி, ஒரு பொதுப் பெட்டியை ஐமேப் (அஞ்சல் பெட்டியைப் படிக்கும் நெறிமுறை) மூலம் அவ்வப்போது படித்து, எஃப்டிபியில் (கோப்பு அனுப்பும் நெறிமுறையில்) ஃபைல்டைப்பை ஜெஸ் என்று வைத்து நேரே ஜாப்பாகவே அனுப்பிவிடலாம்.

அஞ்சல்மேசை:

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். அனுப்புநர் முகவரியை யாரும் எப்படியும் எழுதலாம். மடலின் உள்ளடக்கம் ஜாப்பாக ஓடும் என்றால் உங்கள் பேட்ச் வரிசையின் சாவியை வெளியே தொங்கவிடுகிறீர்கள். பதில் கட்டாயம் மெயின்ஃபிரேமுக்குள் வர வேண்டும் என்றால், அதை டேட்டாசெட்டில் தரவாக மட்டும் எழுதுங்கள், அதைப் படித்து என்ன செய்வது என்பதை அங்கே ஏற்கனவே இருக்கும் புரோகிராம் தீர்மானிக்கட்டும்.

தொகுதிவேலை:

எஸ்ஆர்சிஐபி வரி சேர்த்ததும் வெளி மடல்கள் போகத் தொடங்கிவிட்டன. டிரான்ஸ்லேட் 037 ஆனது. எங்களிடம் யூனிக்ஸ் பக்கத்திலிருந்து அனுப்புவோர் இல்லை. பதில்களைப் பொறுத்தவரை, டிஎஸ்ஓ பயனர்கள் எல்லோருக்கும் இப்போது அலுவலகப் பெட்டியும் இருப்பதால், உள்ளே கொண்டுவரும் முயற்சியையே கைவிட்டோம். மடலின் ஃப்ரம் வரியில் அவர்களின் அலுவலக முகவரியை இட்டால் போதுமா?

அஞ்சல்மேசை:

தனி மனிதர்கள் எழுதும் மடலுக்கு அது போதும். பேட்ச் மடல்களில் ஃப்ரம் வரியில் ஜாப்பின் பெயர் தெரியும்படி ஒரு முகவரியை வைத்து, ரிப்ளை-டூ வரியில் அந்த அறிக்கைக்குப் பொறுப்பான குழுவின் பெட்டியைக் கொடுங்கள். அதோடு, மெயில் ஃப்ரம் கட்டளையில் உள்ள முகவரி வேறு, டேட்டாவுக்குப் பின் வரும் ஃப்ரம் வரி வேறு. முதலாவது உறையின் மேல் எழுதுவது. சேர்க்க முடியாத மடல் பற்றிய அறிவிப்பு அங்கேதான் திரும்பும். பழைய ஜாப்களில் அது இன்னமும் மெயின்ஃபிரேமின் ஹோஸ்ட் பெயரோடு இருக்கும், அந்தப் பெயரில் மடல் வாங்க இப்போது யாரும் இல்லை. உறை முகவரியை யாராவது தினமும் பார்க்கும் பெட்டிக்கு மாற்றுங்கள், அதன் டொமைன் உங்கள் எஸ்பிஎஃப் பதிவுக்குள் (டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் மடல் அனுப்பலாம் என்ற பட்டியலுக்குள்) வருவதாகவும் இருக்கட்டும். இல்லையென்றால் வெளி சர்வர்கள் உங்கள் மடலைக் குப்பைப் பெட்டிக்குத் தள்ளக்கூடும்.

ஸ்பூல்வாசி:

அதோடு, சிஎஸ்எஸ்எம்டிபி கட்டமைப்பில் அன்டெலிவரபிள் தொகுதியைத் திறந்து, டெட்லெட்டர் ஆக்ஷனை ஸ்டோர் என்று வையுங்கள். அனுப்புநருக்கும் திருப்ப முடியாத மடல்கள் நீங்கள் குறிக்கும் டைரக்டரியில் கிடக்கும். பேட்ஸ்பூல்டிஸ்ப் ஹோல்ட் என்று இருந்தால், கட்டளைப் பிழையுள்ள ஸ்பூல் கோப்பும் அழியாமல் நிற்கும். தனிப்புள்ளியில் அறுந்த அறிக்கைகளில் எவை எவை என்று தேட அதுவே உங்களுக்கு இப்போது உதவும்.