பழைய சாமான் கடையில கிடைச்ச குடும்ப போட்டோ, சொந்தக்காரங்கள எப்படி கண்டுபிடிக்கிறது?

கேள்வி – பேட்டைக்காரன், கிருஷ்ணகிரி

எல்லாருக்கும் வணக்கம். பழையபேட்டை பக்கம் ஒரு பழைய சாமான் கடையில தேக்கு பிரேம் போட்ட போட்டோ ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் பிரேமுக்குத்தான் விலை சொன்னாரு, உள்ள இருக்குற படத்த கிழிச்சு போட்டுட்டு சாமி படம் மாட்டிக்கலாம்னு வேற சொன்னாரு, அத கேட்டுட்டு விட்டுட்டு வர மனசு வரல. கோட்டு போட்டு தலைப்பாகை கட்டுன பெரியவர் ஒருத்தர் நாற்காலியில, பக்கத்துல அவர் சம்சாரம், பின்னாடி ரெண்டு பசங்க, முன்னாடி ஸ்டூல்ல ஒரு பாப்பா, பின்னால வரைஞ்ச திரை. அட்டையோட கீழ் மூலையில எழுத்து பதிச்ச மாதிரி இருக்கு, ராபர்ட்சன்பேட்டைனு மட்டும் படிக்க முடியுது. பின்பக்கம் இங்க்ல "விரோதி வருஷம் தை மாதம்", அதுக்கு கீழ ஒரு பேரு, அப்புறம் "சேலம் ஜில்லா கிருஷ்ணகிரி தாலுக்கா". ஊர் பேரு மங்கிப்போச்சு, கடைசியில "பள்ளி"னு இருக்குறது மட்டும் தெரியுது. நம்ம பக்கம் வேப்பனப்பள்ளி, குருபரப்பள்ளினு பள்ளியில முடியுற ஊரு எத்தன இருக்கு, எங்கனு போய் தேடுறது? இது அந்த வீட்டுக்கே போய் சேரணும், வழி தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில் – தங்கவயல் பேத்தி

தம்பி, ராபர்ட்சன்பேட்டைனா கோலார் தங்கவயல்தான், கேஜிஎஃப். எங்க தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேல பாத்தவரு, லைன் வீட்டுலதான் எங்கம்மா பொறந்தாங்க. அந்த காலத்துல கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் பக்கத்துல இருந்தெல்லாம் குடும்பம் குடும்பமா அங்க வேலைக்கு போனாங்க. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ புது துணி எடுத்தா அப்படியே ஸ்டுடியோவுக்கு போய் ஒரு படம் புடிச்சு, ஒரு பிரதிய தங்கவயல்ல வெச்சுக்கிட்டு இன்னொண்ண ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்கு அனுப்புவாங்க. உங்க கையில இருக்குறது ஊருக்கு வந்த பிரதியா இருக்கும்னு தோணுது, பின்னாடி தாலுக்கா வரைக்கும் எழுதியிருக்காங்களே. அப்படினா இதே படம் இன்னொரு வீட்டு செவுத்துல இன்னமும் தொங்கிக்கிட்டு இருக்கலாம். 2001ல சுரங்கத்த மூடின பிறகு நிறைய பேரு பெங்களூரு, ஓசூர்னு போயிட்டாங்க, ஆனா தங்கவயல்காரங்க எங்க இருந்தாலும் வாட்ஸ்அப் குரூப்ல ஒண்ணா இருக்காங்க, நான் கேட்டு பாக்குறேன். பேர மட்டும் எனக்கு தனியா அனுப்புங்க, இங்க பொதுவுல போடாதீங்க.

பதில் – ஸ்டுடியோ மாமா, தருமபுரி

வருஷத்த மொதல்ல முடிச்சிடலாம். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தடவ திரும்பி வரும், அதனால விரோதி தைனா 1890 இல்ல 1950, அதுக்கு அடுத்தது 2010. கேஜிஎஃப்ல ஜான் டெய்லர்ங்கற வெள்ளக்கார கம்பெனி சுரங்க வேலைய ஆரம்பிச்சதே 1880லதான், அதனால நீங்க சொல்ற மாதிரி படத்துக்கு 1950 ஜனவரி, பிப்ரவரிதான் சரியா வரும். சேலம் ஜில்லாங்கறதும் ஒத்துப்போகுது, தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965ல, கிருஷ்ணகிரி பிரிஞ்சது 2004ல.

ஊர் பேர படிக்க, ரூம இருட்டாக்கிட்டு கள்ள நோட்டு பாக்குற யூவி டார்ச்ச அடிச்சு பாருங்க, பழைய நீலக்கருப்பு இங்க் மங்கியிருந்தாலும் அந்த வெளிச்சத்துல கருப்பா தெரியும். பதிச்ச எழுத்துக்கு சாதா டார்ச்ச பக்கவாட்டுல சாய்ச்சு புடிச்சா போதும். ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், படம் கண்ணாடியோட ஒட்டியிருந்தா பிரிக்காதீங்க, ஈரத்துணியால தொடைக்காதீங்க, மேல இருக்குற ஜெலட்டின் ஊறி அப்படியே உரிஞ்சு வந்துடும். கண்ணாடிக்கு மேலயே வெச்சு ஸ்கேன் எடுங்க. லேமினேஷன் வேண்டவே வேண்டாம். பிரேம் பின்னாடி அட்டைக்கு உள்ள பழைய நியூஸ்பேப்பர் வெச்சிருப்பாங்க, அதையும் தூக்கி போட்டுடாதீங்க, எந்த ஊர்ல எப்ப பிரேம் போட்டாங்கனு அதுல கண்டுபிடிக்கலாம்.

பதில் – மத்தூர் வாத்தியார்

பேரு இருக்குதே, அதுவே பெரிய விஷயம் சார். நம்ம ஊர்ல பேரனுக்கு தாத்தா பேர வெக்கிற வழக்கம் இருக்கு, அதனால தேர்தல் கமிஷன் சைட்ல இருக்குற பழைய வாக்காளர் பட்டியல்ல ஊர் ஊரா அப்பா பேரு, கணவர் பேரு போட்டிருக்குற கட்டத்த பாத்துக்கிட்டே வந்தா அதே பேரு எங்க திரும்ப திரும்ப வருதுனு தெரியும். அப்புறம் அந்த ஊர் கோயில் திருவிழாவுக்கு போங்க, வெளியூர்ல இருக்குற பங்காளிங்க எல்லாம் அன்னைக்குத்தான் ஒரே இடத்துல இருப்பாங்க. வயசானவங்ககிட்ட போன்ல காட்டாதீங்க, பெருசா பிரிண்ட் போட்டு கையில குடுங்க.

நகை, பொடவ கட்டு பாத்துட்டு இவங்க இன்ன சாதினு யாராவது இங்க எழுத ஆரம்பிப்பாங்க, அத நம்பி தேடாதீங்க. ஸ்டுடியோவுலயே கோட்டும் கடிகாரமும் வாடகைக்கு குடுத்து படம் எடுத்த காலம் அது.

பதில் – ஓசூர் கீதா

நான் கொஞ்சம் வேற மாதிரி யோசிக்கிறேன். பாகப்பிரிவினையில சண்ட போட்டு, வேணாம்னு வித்த வீடாவும் இருக்கலாமே? கண்டுபிடிச்ச உடனே படத்த எடுத்துக்கிட்டு வாசல்ல போய் நிக்காதீங்கண்ணா, மொதல்ல பேசிட்டு அவங்க விருப்பத்த கேளுங்க, காசும் வாங்காதீங்க. ஒருவேள யாருமே கிடைக்கலனா புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு எழுதி பாருங்க. அவங்க பிரிட்டிஷ் லைப்ரரியோட சேர்ந்து 1880ல இருந்து 1980 வரைக்கும் உள்ள தமிழ் ஸ்டுடியோ படங்கள ஸ்கேன் பண்ணி ஆன்லைன்ல வெச்சிருக்காங்க. இங்க ஓசூர் கடைங்கள்ல இந்த மாதிரி படத்த பெங்களூரு ஹோட்டல் செவுத்துக்கு அலங்காரமா வாங்கிட்டு போறத பாத்திருக்கேன், யாரோட பாட்டியோ அங்க பேரில்லாம தொங்குறாங்க. வயிறு எரியும்.

பதில் – பேட்டைக்காரன்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மாமா சொன்ன மாதிரி யூவி டார்ச் அடிச்சு பாத்தேன், "பள்ளி"க்கு முன்னாடி ரெண்டு எழுத்து தெளிவா வந்துச்சு, பர்கூர் பக்கம் இருக்குற ஒரு சின்ன ஊரோட ஒத்துப்போகுது. கடைக்காரரையும் திரும்ப போய் கேட்டேன், ரோடு அகலப்படுத்துறப்ப இடிச்ச வீட்டு சாமானோட வந்ததுனு சொன்னாரு, அதனால வேணும்னு வித்ததா தெரியல. தங்கவயல் அக்காவுக்கு பேர அனுப்பிட்டேன். வாத்தியார் சார், பர்கூர் பக்கம் உங்களுக்கு தெரிஞ்ச பெரியவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, பிரிண்ட் போட்டுக்கிட்டு ஞாயித்துக்கிழம போலாம்னு இருக்கேன்.