மறு: டோட்டாலிட்டி – தனிச்சொல் தேவையா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். சூரிய கிரகணத்தில் நிலா சூரியனை முழுவதும் மூடியிருக்கும் சில நிமிடங்களை ஆங்கிலத்தில் 'டோட்டாலிட்டி' என்கிறார்கள். அதற்குத் தமிழில் தனிச்சொல் வேண்டுமா என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'முழு சூரிய கிரகணம்' என்றே இருக்கட்டுமே. அதற்குள் இன்னொரு சொல் எதற்கு?

நேற்றுவரை நானும் இப்படித்தான் நினைத்தேன். கிரகணம் பார்ப்பதற்கான துண்டறிக்கையை எழுதி முடித்ததும், பத்து வயதான அக்கா மகளிடம் படிக்கக் கொடுத்தேன். 'முழு சூரிய கிரகணத்தின்போது கண்ணாடியைக் கழற்றலாம்' என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு, "அப்படின்னா அன்னைக்கு முழுக்கக் கண்ணாடியே வேண்டாமா மாமா?" என்று கேட்டாள். அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். வரிதான் தவறு.

நிகழ்வு முழுவதற்கும் அதே பெயர், நிலா சூரியனை ஒரு கீற்றும் விடாமல் மூடியிருக்கும் சில நிமிடங்களுக்கும் அதே பெயர். முன்னது இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளும். பின்னது எங்கே நின்று பார்த்தாலும் ஏழரை நிமிடத்துக்கு மேல் போகாது. பெரும்பாலும் அதைவிடக் குறைவுதான். வெறுங்கண்ணால் பார்க்கத் தக்கது அந்தச் சில நிமிடங்கள் மட்டுமே. சூரியன் முழுநிலவைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு பிரகாசம். 99 சதவீதம் மறைந்த பிறகும் மிஞ்சுகிற கீற்று ஆயிரக்கணக்கான முழுநிலவுகளுக்குச் சமம். சுற்றிலும் மங்கிவிடுவதால் அவ்வளவாகக் கண் கூசாது. விழித்திரைக்கு வலியும் தெரியாது. பிறகு பார்வையின் நடுவில் ஒரு கறை நிற்கும்போதுதான் கெட்டுப்போனது தெரியவரும். இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது உண்மையிலேயே ஆபத்து.

சரி, சொல்லுக்கு வருவோம். 'முழுமறைவு' எனக்கு ஒப்பவில்லை. மறைவு என்றால் செய்தித்தாளில் இறப்பு. சூரிய மறைவு என்றால் அந்தி. 'முற்றிருள்' கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அப்போது முழு இருட்டு இல்லை. அடிவானம் நாலாபுறமும் அந்தி போல ஒளிவிடும். கறுத்த நிலாவைச் சுற்றி, சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனா, கிட்டத்தட்ட முழுநிலவின் அளவுக்கு ஒளிரும்.

என் பரிந்துரை: முழுமறைபொழுது.

'பொழுது' நமக்கு நேரமும்தான், சூரியனும்தான். பொழுது சாய்ந்தது, பொழுது ஏறிவிட்டது என்கிறோம். இரண்டு பொருளும் இங்கே ஒருசேரப் பொருந்துகின்றன. 'மறைபொழுது' என்று சுருக்கலாமே என்று தோன்றும். அது வினைத்தொகை, மறைந்த, மறைகிற, மறையும் என மூன்று காலமும் உள்ளே வந்துவிடும், கூடவே பகுதி மறைப்பும். அதனால் 'முழு'வை விட முடியாது. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரியில் வைத்துப் பாருங்கள்: முழுமறைபொழுதில் மட்டும் கண்ணாடியைக் கழற்றலாம். நிலாவைச் சுற்றிச் சூரிய விளிம்பு வளையமாகத் தெரிந்துகொண்டே இருக்கும் வளையக் கிரகணத்தில் முழுமறைபொழுது கிடையாது. நிலாவின் முழு நிழல் கடந்துபோகும் நிழற்பாதைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கிடையாது. முன்பு ஒரு பத்தி எழுதியும் தெளிவாகாத விஷயம் இது.

> கண்ணாடிக்கு 'சூரியக் கண்ணாடி' போதும்.

வேண்டாம். வெயிலுக்குப் போடும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். 'கிரகணக் கண்ணாடி' என்போம், சூரியனை நேராகப் பார்ப்பதற்கான கண்ணாடிகளின் சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12312-2 என்பதையும் சேர்த்து. நிலாவின் விளிம்பில் மணி மணியாகத் தெரியும் ஒளிக்குப் பெய்லி மணிகள், ஒரே மணி மோதிரக் கல் போல மின்னுவதற்கு வைர மோதிரம் என்ற பெயர்கள் இரண்டும் புழக்கத்துக்கு வந்துவிட்டன, அவற்றைத் தொட வேண்டாம்.

அப்புறம் இன்னொன்று. திருத்திய அறிக்கையைப் படித்துவிட்டு அக்கா மகள் அடுத்த கேள்வி கேட்டாள்: "அது முடியப்போகுதுன்னு எப்படித் தெரியும்?" சூரியனின் மேற்கு விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு மெல்லிய கோடு தோன்றும். சில நொடிகளில் அங்கே முதல் ஒளிமணி வெடித்து வரும். அதற்குள் கண்ணாடி முகத்துக்கு வந்திருக்க வேண்டும். வானியலில் அந்தக் கணம் 'மூன்றாம் தொடுகை'. 'மூன்றாம்' என்ற எண்ணிக்கையை வைத்து ஒரு குழந்தை என்ன புரிந்துகொள்ளும்? கிரகணம் பிடித்தது, கிரகணம் விட்டது என்று பேச்சில் சொல்கிறோமே, அந்த 'விடு'வை வைத்து ஒரு சொல் அமையுமா?